செவலைக்குக் கட்டு மாத்தின கதை

ஒரு ஊர்ல ஒரு செவலைக் குதிரை இருந்துச்சாம். வண்டிக்கார வீரணனும் அவர் பொண்டாட்டி மரகதமும் வளத்த குதிரை. ஒருநாள் முள்ளுக்கம்பி கிழிச்சு பின்னங்கால்ல புண்ணாயிருச்சு. ம் சொல்லுடா.

"ம்."

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா, "உப்புத் தண்ணியில கழுவி, சுத்தமான துணியால கட்டுங்க. வேற யாரும் கை வைக்கக் கூடாது"ன்னாங்க.

அந்த ஊர்ல அது நடக்குமா? நாம ஆரஞ்சுப் பழத்தோட நோயாளியப் பாக்கப் போவோம்ல, அவங்க ஆளுக்கொரு மருந்தோட போவாங்க. வெறுங்கையோட போனா மரியாதை இல்லியாம்.

அப்போ ஊர்த்தலைவர் வந்தார். கட்டை அவுத்தார், காப்பித்தூளை அப்பினார். அப்புறம் வீரணனோட மாமனார் வந்தார். "எவன்யா காப்பித்தூள் வச்சது?"ன்னு வறட் வறட்னு சுரண்டிட்டு வண்டி அச்சுல தடவுற கறுப்பு மையைப் பூசினார். அப்புறம் பால் சங்கத்துச் செயலாளர் வந்து, மையை வழிச்சுட்டு, வாயில மென்ன புகையிலையைத் துப்பி...

"ச்சீ."

குதிரையும் புர்ர்ர்னு அதைத்தான் சொல்லுச்சு. வீரணன் என்ன பண்ணினார்? பெரிய மனுசங்களாச்சே, "ரொம்ப சந்தோசங்க"ன்னு குதிரைக் காலைப் புடிச்சுக் குடுத்தார். புண்ணு பெருசாயிக்கிட்டே போச்சு.

"இது ஆறாது மரகதம். சந்தையில வித்துருவோம்"னார்.

"நொண்டிக் குதிரையை வாங்குறவன் அடிச்சுல்ல ஓட்டுவான்? கொஞ்ச நாள் பொறுங்க. வர்றவங்கள நான் பாத்துக்கிறேன்."

அப்புறம் மரகதம் புண்ணை நல்லாக் கழுவிக் கட்டி, அந்தக் காலைச் சுவர்ப்பக்கமா நிறுத்தி, வைக்கோலைக் குவிச்சு மறைச்சா. இந்தப்பக்கம் நல்ல காலுக்கு இம்மாம்பெரிய கட்டு போட்டா.

"கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?"

எந்தக் காலுன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லடா. அவங்க பாத்ததெல்லாம் அவங்க மருந்தைத்தான்.

தலைவர் வந்தார், அவுத்தார். கால் பளபளன்னு இருக்கு. "பாத்தியா, காப்பித்தூள்"னு மீசையை நீவிக்கிட்டுப் போனார். மாமனார் அவுத்தார். "என் மை"ன்னார். செயலாளர் அவுத்துட்டு, புகையிலைப் பெருமையை டீக்கடையில சொல்ல ஓடினார். அதோட ஒருத்தரும் வரல. ஆறின புண்ணை எதுக்குப் பாக்க வரணும்?

அப்போதான் சுவர்ப்பக்கத்துக் கால் நிம்மதியா ஆறுச்சு. டக்டக் டக்டக்னு செவலை தெருவுல போகுது. டீக்கடையில மூணு பேரும் காப்பித்தூளா, மையா, புகையிலையான்னு இன்னும் சண்டை.

அவங்க சண்டை போடட்டும், நம்ம கதை வீடு போய்ச் சேந்துருச்சு. உன் முட்டியில புண்ணுப் பொருக்கை நோண்டுற கையை எடு. கண்ணை மூடு.