இடப்பக்கத்துக் குளிர்

"இந்தக் கார் எனக்குச் சரிப்படலை அம்மா. வித்துடப் போறேன்."

ஏலகிரி அடிவாரத்துக் குடிலின் வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள் சௌதாமினி.

சித்தம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குடிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் குரு. சௌதாமினியைவிட வயதில் இளையவர். தலை நிமிரவில்லை.

புகார் நீண்டது.

பழைய காரில் எல்லாவற்றுக்கும் ஒரு திருகு இருந்தது. பார்க்கவே வேண்டாம், கை தானாகப் போகும். இதில் சிலேட்டு மாதிரி ஒரு கண்ணாடிப் பலகை. ஏசியைக் குறைக்க ஒரு படத்தைத் தொட வேண்டும். அதற்குள் இன்னொரு படம். அதற்குள் வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. தேடி முடிப்பதற்குள் ரோடு எங்கேயோ போய்விடுகிறது. போன வாரம் ஒரு கன்றுக்குட்டி மயிரிழையில் தப்பியது. இதை வடிவமைத்த மகராசன் ஒருநாளாவது சமையல் செய்திருந்தால், உப்பு டப்பாவை இப்படி இடம் மாற்றி வைத்திருப்பானா?

கார் மகன் வாங்கித் தந்தது. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பழையதைத் தள்ளிவிட்டு, மெல்பர்னில் இருந்தபடியே இதை வாசலில் நிறுத்திவிட்டான். ஓட்ட முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு என்கிறான்.

"போயிடறேன். மூட்டை முடிச்சு மாதிரி என்னையும் யாராவது ஏத்தி இறக்கட்டும்."

"சரி, போங்க" என்றார் சித்தம்மை.

சௌதாமினிக்குச் சுருக்கென்றது. போகாதே என்பார் என்று நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தாள்.

"போறதுக்கு முன்னாடி என்னைச் சந்தையில விட்டுடுங்க. புளி தீர்ந்துபோச்சு."

காரின் முன்கதவைத் திறந்தார் சித்தம்மை. இடப்பக்க இருக்கையில் ஒரு மஃப்ளர் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழுப்பு நிறம். ஓரம் நைந்தது.

"நீங்க பின்னால உக்காருங்களேன்" என்றாள் சௌதாமினி.

அவர் பின்னால் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. தெருமுனை தாண்டுவதற்குள் சௌதாமினியின் கை கண்ணாடிப் பலகைக்குப் போனது. கண்ணும் கூடவே போனது. எதிரே வந்த டிராக்டர்காரன் கத்திக்கொண்டே ஒதுங்கினான்.

"பாத்தீங்களா?" என்றாள், ஏதோ வழக்கில் ஜெயித்தவள் மாதிரி.

"அந்தக் கன்னுக்குட்டி வந்தப்போ எந்தப் பக்கத்து ஏசியைத் தேடினீங்க?"

கான்வென்ட்டில் கணக்கு வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டவள் போல விழித்தாள்.

"இடப்பக்கம்."

"இப்போ?"

"இடப்பக்கம்தான்."

"அங்கே யாரும்மா இருக்கா?"

புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினாள்.

அவள் வீட்டுக்காரருக்குச் சைனஸ். சித்திரை வெயிலிலும் மஃப்ளர் இல்லாமல் ஏற மாட்டார். வண்டி எடுத்ததும் அவள் ஏசித் திருகைக் குறைப்பாள். குறைத்துவிட்டு, "போதுமா?" என்று வெடுக்கென்று கேட்பாள். "ம்" என்பார். அந்தப் பழைய கார் வாங்கிய காலம் முதல் அவருக்காக வேர்த்து வழிந்தபடி ஓட்டியதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் சொல்லிக்காட்டினாள்.

அன்றைக்கு அவர் "ம்" என்றாரா என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

இதையெல்லாம் ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னாள்.

சித்தம்மை இறங்கினார். முன்கதவைத் திறந்தார். மஃப்ளரை எடுத்துச் சௌதாமினியின் மடியில் வைத்தார். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"எனக்கு வேர்க்குது" என்றார்.

 சௌதாமினியின் விரல் கண்ணாடிப் பலகையில் ஊர்ந்து இடப்பக்கத்தைக் கண்டுபிடித்தது. குளிரைக் கூட்டியது.

"போதுமா?" என்று கேட்டாள், மெதுவாக.