நாற்பது பக்கச் சம்மதம்

அரண்மனையில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். செம்பொழில் நாட்டில் இருந்தது. இருந்ததால்தானே இந்த வம்பே வந்தது!

மன்னர் அதிரூபசேகரரின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்த்தவன் நன்மாறன். கெட்டிக்காரன். ஆனால் பாவம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை, லீவு கிடைக்காமல்! பூங்கோதையோடு நிச்சயமாகி, முகூர்த்தம் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. "வருகிற வெள்ளிக்கிழமையும் மாப்பிள்ளை வராவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாக எழுதிவிட்டார்.

லீவு கிடைக்காததற்குக் காரணம் இரண்டு பெரிய மனிதர்கள். மந்திரி அறவாழியின் கம்ப்யூட்டரில் ஓடியது 'கருடன்' என்ற இயங்குதளம். கடல் கடந்து வந்தது, பார்க்க லட்சணம், படத்தைத் தொட்டால் வேலை நடக்கும். சேனாதிபதி வீரகண்டருக்கோ 'காங்கேயன்'. நாலு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து எழுதி இனாமாகக் கொடுத்தது. எதற்கெடுத்தாலும் ஆணையைத் தட்டச்சு செய்யவேண்டும். ஆணை போட்டால் கேட்கிறதே, சேனாதிபதிக்கு வேறென்ன வேண்டும்!

நாலு மாதமாகச் சபையில் இதே சண்டைதான்.

"மகாராஜா, சேனாதிபதி அனுப்பிய கடிதத்தைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. எல்லையில் படையெடுப்பா, இல்லை எனக்குப் பல்லாங்குழி ஆடச் சொல்லிக் கொடுக்கிறாரா?" என்றார் மந்திரி.

"உங்கள் கருடன் நேற்று நான் உங்களிடம் அவசரமாக வந்த நேரத்தில் 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள்' என்றது. எதிரி பொறுப்பானா ஐயா?" என்று மீசையை முறுக்கினார் சேனாதிபதி.

மன்னர் நன்மாறனைப் பார்த்தார். "நீ சொல், எது உசத்தி?"

"பிரபோ, என்னைக் கேட்டால் இரண்டுமே நல்ல மாடுதான். கடிதம் கட்டமாக வருவது மந்திரியார் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாததால், அரை நாழிகை வேலை. புதுப்பிப்பதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவைக்கலாம். அதைச் செய்ய விடாமல் இருவரும் என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு லீவு மட்டும்..."

"லீவா!" மன்னருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இந்த இருவரும் விட்டுக்கொடுத்து, தங்கள் கையாலேயே சம்மதம் என்று பதிவு செய்யட்டும். அன்றைக்குப் போ உன் கல்யாணத்துக்கு!"

சபையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த இருவராவது, விட்டுக்கொடுப்பதாவது! அன்று திங்கட்கிழமை. பூங்கோதையை நினைத்தால் நன்மாறனுக்கு அழுகையே வந்தது. ஆனால் அழுதுகொண்டு உட்காரும் ஆளா அவன்?

செவ்வாய்க்கிழமை நன்மாறனிடமிருந்து இருவருக்கும் செய்தி போயிற்று. 'வாதமேடை' என்று ஒரு புது மென்பொருள் எழுதியிருக்கிறேன், கருடனிலும் ஓடும், காங்கேயனிலும் ஓடும், உங்கள் கடைசி வாதத்தை அதில் எழுதுங்கள், மன்னர் நேரில் படித்துத் தீர்ப்புச் சொல்வார் என்று.

இருவரும் பாய்ந்து திறந்தார்கள். திறந்ததும் என்ன வந்தது? விதிமுறைகள், நாற்பது பக்கம். அடியில் ஒரு பொத்தான்: 'படித்தேன், புரிந்தது, சம்மதம்.' மந்திரி விறுவிறுவென்று கடைசிப் பக்கத்துக்கு ஓட்டி ஒரே அமுக்கு. சேனாதிபதி அதுகூட ஓட்டவில்லை, நேரே அமுக்கு. பிறகு ராத்திரி சாப்பாட்டையும் மறந்து ஒருவரை ஒருவர் திட்டி எழுதித் தள்ளினார்கள்.

புதன்கிழமை காலை. மன்னர் தன் கம்ப்யூட்டரில் வாதமேடையைத் திறந்தார். ஏதோ நீளமாக வந்தது, எதையோ அமுக்கினார், வாதங்கள் வந்து விழுந்தன.

"ஐயோ, தலா அறுபது பக்கமா!" என்று அலறினார்.

"அதைப் படிக்கவே வேண்டாம் பிரபோ. இருவரும் 'சம்மதம்' என்று அமுக்கிய விதிமுறையில் பதினேழாம் பிரிவைப் படியுங்கள், போதும்" என்றான் நன்மாறன்.

மன்னர் உரக்கப் படித்தார்: "'எதிராளியின் இயங்குதளமும் நல்லதே என ஒப்புக்கொள்கிறேன். இனி இதைப் பற்றிச் சபையில் வாய் திறக்க மாட்டேன். இதற்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன்.'"

"மோசடி!" என்று குதித்தார் மந்திரி.

"நான் படிக்கவே இல்லையே!" என்றார் சேனாதிபதி.

"'படித்தேன், புரிந்தது' என்றல்லவா அமுக்கியிருக்கிறீர்கள்? அப்படியானால் மன்னரிடம் பொய் சொன்னதாக ஆகும், பரவாயில்லையா?" என்று பணிவாகக் கேட்டான் நன்மாறன்.

மன்னருக்கு உள்ளுக்குள் குஷிதான். ஆனாலும் அவனை விட மனசில்லை. அவன் போய்விட்டால் அரண்மனையில் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுக்கக்கூட ஆள் கிடையாது.

"சமர்த்துதான் அப்பா. ஆனால் இது தந்திரத்தில் வாங்கிய சம்மதம். இது செல்லாது என்று நான் சொன்னால்? மந்திரி, சேனாதிபதி இருவருக்கும் கொஞ்சமாவது புத்தி வேண்டாமா, நாற்பது பக்கத்தைப் படிக்காமல் அமுக்குவார்களா எவராவது!"

"உண்மைதான் பிரபோ," என்று தலைகுனிந்து நின்றான் நன்மாறன். "தாங்கள் சற்றுமுன் அமுக்கினீர்களே, அதில் முப்பத்தோராம் பிரிவு."

மன்னர் மெல்லப் பக்கங்களைத் தள்ளினார். முணுமுணுவென்று படித்தார்.

'பதினேழாம் பிரிவு செல்லும். நன்மாறனுக்கு இன்று முதல் ஒரு மாதம் லீவு. இடையில் யாரும் கூப்பிடக் கூடாது.'

மன்னர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு தொப்பை குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு! மந்திரியும் சேனாதிபதியும் கூட நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

"போடா, போய்த் தாலி கட்டு! என் குதிரை வண்டியையே எடுத்துக்கொள்" என்றார் மன்னர். கழுத்து முத்துமாலையைக் கழற்றி, "இது பூங்கோதைக்கு" என்று கொடுத்தார். நன்மாறன் வாசலைத் தாண்டுவதற்குள் அவருக்குத் திக்கென்றது. "டேய், நில்! ஒரு மாதம் பிரிண்டர் சிக்கிக்கொண்டால் நான் என்ன செய்வது?"

வண்டியில் ஒரு காலை வைத்தபடியே கத்தினான் நன்மாறன்.

"முப்பத்திரண்டாம் பிரிவு பிரபோ! 'மன்னர் தாமே எடுத்துக்கொள்வார்!'"