எல்லாருக்கும் ஒரே கால்குலஸ் புத்தகம்

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் மரகதவல்லி புதிதாகச் சேர்ந்த கணக்கு ஆசிரியை. அங்கே தாளாளர் சிங்காரத்திடம் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

ஒருநாள் காலையில் அவளைக் கூப்பிட்டார். "கணிதம், இயற்பியல், வணிகவியல் மூணு துறைக்கும் ஒரே கால்குலஸ் புத்தகம் போதும். இருக்கிறதிலேயே பெரிசா, உசத்தியா ஒண்ணு பாருங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லலேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"யார் எதுக்காகப் படிக்கிறாங்கன்னு பார்த்துத்தான் சார்..."

"அதெல்லாம் எதுக்கு? நல்ல புத்தகம் எல்லாருக்கும் நல்லதுதான்."

மரகதவல்லி தலையாட்டிவிட்டு வந்தாள்.

கல்லூரி விட்டதும், நத்தம், பழனி, வத்தலக்குண்டு போகிற பிள்ளைகள் அத்தனை பேரையும் கல்லூரியின் பழனி பஸ்ஸிலேயே ஏறச் சொன்னாள். கூச்சல் கேட்டுத் தாளாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா கூத்து இது?"

"நம்மகிட்ட இருக்கிறதிலேயே பெரிய, உசத்தியான பஸ் இதுதானே சார்?"

"அதுக்காக? யார் எந்த ஊருக்குப் போகணும்னு கேட்டுல்ல ஏத்தணும்!"

"அதைத்தான் சார் நானும் காலையில சொல்ல வந்தேன். வணிகவியல் பிள்ளைகளுக்கு லாபம் எங்கே உச்சம்னு கண்டுபிடிக்கத் தெரியணும். இயற்பியலுக்கு வேகத்தைக் கணக்கிடணும். நிரூபணமெல்லாம் கணிதப் பிள்ளைகளுக்குத்தான் வேணும்."

பஸ்ஸுக்குள் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிங்காரம் முகம் சிவந்து உள்ளே போனார்.

மறுநாள் மூன்று புத்தகங்கள் வாங்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் வாசல் வரை போனதும் மெல்லக் கூப்பிட்டார்.

"அந்த லாபக் கணக்குப் புத்தகத்துல எனக்கும் ஒண்ணு வாங்கிடுங்கம்மா."