ஆயிரத்தொன்பது அதிரசம்

கோணம்பட்டியில் அண்ணன் தம்பிகள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அன்றன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வீட்டில் சண்டை.

கடைக்குட்டி வெள்ளையனுக்குச் செங்கமலத்தின் மேல் கொள்ளை ஆசை. அவளுக்கும்தான். அவள் அப்பா வேதாசலம் கணக்கு வாத்தியார். பெண் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குக் கூச்சம். ஆகவே ஆயிரத்தொன்பது அதிரசம் சுட்டுக் கூடையில் கொண்டுவந்து வைத்தார்.

"தின்கிற ஒவ்வொருத்தருக்கும் சமமாப் போகணும். உடைக்கக்கூடாது, மிச்சம் வைக்கக்கூடாது. முடிச்சுட்டுச் சொல்லியனுப்புங்க, பொண்ணைக் கூட்டிட்டு வாரேன்."

அது பிடிவாதம் பிடித்த எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாது. வாத்தியார் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

ஏழு பேரும் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு நூற்று நாற்பத்து நான்கு போக, ஒன்று மிஞ்சியது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து வைத்தார்கள். அப்போதும் ஒன்று மிஞ்சியது. வெள்ளையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா வந்து மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு போனது.

"தீந்துச்சு கணக்கு!" என்று துள்ளினான் வெள்ளையன்.

மூத்தவர் சடையப்பன் கையமர்த்தினார். "தின்கிற ஒவ்வொருத்தருக்கும்னு சொன்னார்ல? காக்காவும் தின்னுச்சே. அதுக்கு ஒண்ணு, நமக்கு நூத்து நாப்பத்து நாலா? பாவம்டா."

நியாயமான பேச்சு. காக்காவையும் சேர்த்து எட்டுப் பங்கு வைத்தார்கள். தலைக்கு நூற்று இருபத்தாறு. பாழாய்ப்போன ஒன்று மறுபடி மிஞ்சியது.

அன்றைக்கு மூளை நடுவுள்ளவர் பூவலிங்கத்திடம் இருந்தது. "காக்கா ஒண்ணுதான தின்னுச்சு? நாமளும் ஆளுக்கு ஒண்ணே தின்போம்" என்றார்.

தின்றார்கள். ஆயிரத்தொன்று மீந்தது.

"இதுக்கு என்னண்ணே பண்றது?"

"இன்னும் ஆயிரத்தொரு காக்கா வேணும். வேறென்ன?"

ஏழு பேரும் கூரைமேல் ஏறித் தொண்டை கட்டும்வரை கரைந்தார்கள். சுற்றுப்பட்டிக் காக்காயெல்லாம் வந்தன. ஒரே காக்கா இரண்டு முறை வாங்கிவிடக்கூடாதே என்று, தின்ற ஒவ்வொன்றின் முதுகிலும் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்கள். கடைசியில் கூடை காலி.

சேதி கேட்ட வாத்தியார் தலையைப் பிய்த்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஆயிரத்தொன்பது வாய், வாய்க்கு ஒன்று, மிச்சம் இல்லை. ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. மகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

செங்கமலம் வெட்கத்தோடு வலது காலை எடுத்து வைக்கப் போனாள். வெள்ளையன் பாய்ந்து வந்து வாசலை இரண்டு கையாலும் மறித்தான். அவன் கண்ணில் மாலை மாலையாகத் தண்ணீர்.

"உள்ள வராத, செங்கமலம்! நீ வந்தா ஆயிரத்துப் பத்துப் பேர் ஆயிடுவோம், அதிரசம் ஒண்ணு குறையும். உன்னைச் சேத்துக்கணும்னா ஒரு காக்காவைத் தள்ளி வைக்கணும். எந்தக் காக்காவைத் தள்ளி வைக்கட்டும், நீயே சொல்லு!"