காவலன் குடித்த கஞ்சி

செங்காடும் ஆற்றூரும் மேய்ச்சல் நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்ட நாடுகள். பிள்ளைகளைப் புதைத்துப் புதைத்துக் களைத்துப்போய், ஒருவழியாகச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆனாலும் ஒருவர் பேச்சில் மற்றவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் தூர நாடுகள் சில சேர்ந்து ஒரு காவல்படையை அனுப்பி எல்லையில் நிறுத்தின.

அந்த இரு நாட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. உப்புப் போட்டு உணவு தந்தவரும் அதை உண்டவரும் பிறகு ஒருவர்மேல் ஒருவர் ஆயுதம் எடுக்கக் கூடாது. ஒரு வீட்டு உப்பு அந்த நாடு முழுவதையும் கட்டும். மீறியவன் வீட்டுப் பிணத்தைத் தூக்கக்கூட ஆள் வராது. இதை யோசித்த பெரியவர்கள், காவல்படை எந்தப் பக்கத்து உப்பையும் தொடக் கூடாது, தொட்டவனை விரட்ட வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதிவிட்டார்கள். பட்டினி கிடக்கப் போவது அவர்கள் அல்லவே!

மழையில் பாதை அறுந்து, படைக்கு உணவு வரவில்லை. சேந்தன் என்ற வீரன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். செங்காட்டு வெள்ளையம்மா மனம் கேட்காமல் உப்புப் போட்ட கஞ்சி கொண்டுவந்தாள். அதைக் குடித்துத்தான் அவன் பிழைத்தான்.

சில நாளில், செங்காட்டு இளைஞர்கள் ஆற்றூர் மாடுகளைக் கவர வேலோடு வந்தார்கள். காவலில் சேந்தன் மட்டும் இருந்தான். தன் வேலைத் தரையில் வைத்துவிட்டு வழிமறித்து நின்றான்.

"உங்க உப்பு என் உடம்புல இருக்கு. குத்திட்டுப் போங்க."

முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஆற்றூர்த் தலைவர் கொதித்தார். படைத்தலைவர் இருங்கோவிடம் வந்தார்.

"மாடு தப்பிச்சது, சரி. நாளைக்கு நாங்க வந்தா வேலைத் தூக்குவான், அவங்க வந்தா கீழ வைப்பானா? அவனை அனுப்புங்க. இல்லேன்னா உடன்படிக்கை இன்னையோட முடிஞ்சுது."

அவனை விரட்டினால் எங்கள் உப்புக்கு அவமானம், நாங்களும் விலகுவோம் என்றது செங்காடு.

இப்போது சொல்லுங்கள். சேந்தன் செய்தது சரியா, ஆற்றூரார் கேட்டது சரியா? இருங்கோ என்ன தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

விடை: இரண்டுமே சரி. ஆற்றூராரை உறுத்தியது உப்பு அல்ல, அது ஒரு பக்கத்து உப்பாக இருந்ததுதான். விதி எழுதியவர்களோ, உப்பு உண்டவனைக் கட்டும் என்று மட்டும் பார்த்தார்கள். தந்தவனையும் கட்டும் என்பதை மறந்துபோனார்கள். இருங்கோ இரு தரப்பையும் பேசி இணங்கவைத்து அந்த விதியை நீக்கினார். செங்காட்டிலிருந்து ஒரு பானையும் ஆற்றூரிலிருந்து ஒரு பானையுமாக உப்புப் போட்ட கஞ்சி வந்தது. இரண்டையும் கலந்து படை முழுவதும் குடித்தது. முதல் கலயத்தை ஆற்றூர்த் தலைவர் கையால் வாங்கிக் குடித்தவன் சேந்தன். அதன்பின் எந்தப் பக்கத்து வேலும் அவர்களைத் தாண்டவில்லை.