தெய்வசிகாமணி காபி மெஷின் வாங்கிய கதை

இந்தக் கதையைச் சௌந்தரபாண்டியன் பல வருஷமாக நம்பவில்லை.

சொன்னவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர் தெய்வசிகாமணி. பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் எதையும் கொஞ்சம் மெருகு போடாமல் சொல்லத் தெரியாத ஆள். சிறுமலையிலிருந்து காரில் இறங்கி வரும்போது சொன்னார். வண்டியை ஓட்டியவர் சௌந்தரபாண்டியன்; மேலே அவர் காரை விட்டு இறங்கவே இல்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே கேட்டதால், எது சிகாமணி சொன்னது, எது தானாகச் சேர்த்துக்கொண்டது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

கேட்டது இதுதான்.

"டீச்சர், எந்த மெஷினை வாங்குறதுன்னே தெரியல," என்றார் சிகாமணி.

டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

மலை மேல், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு தகரக்கூரை வீட்டில் இருந்தார் அவர். சிகாமணியைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு நாள் அதை விட்டுவிட்டு மலையேறிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "சத்தம் தாங்கல" என்று மட்டும் சொன்னார். கீழேயிருந்து சிலர் மாதம் ஒரு முறை வந்து, அவர் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஆசிரமம் என்று பலகை கிடையாது. பொறுமை சுத்தமாகக் கிடையாது.

"என்ன மெஷின்?"

"எஸ்பிரஸோ மெஷின், டீச்சர். வீட்டுல வச்சுக் காபி போடுறது."

"போன மாசமும் இதைத்தானே கேட்டீங்க?"

"ஆமா."

"அதுக்கு முந்தின மாசம்?"

சிகாமணி தலையைச் சொறிந்தார்.

"இத்தாலிக்காரன் மெஷின் ஒண்ணு இருக்கு, டீச்சர். ஜோரான மெஷின். ஆனா சூடேறவே அரை மணி நேரம். சின்னதா இன்னொண்ணு, பட்டனைத் தட்டினா உடனே சூடாயிடும். ஆனா பால் நுரைக்கிற குழாய் நோஞ்சான். மூணாவதுல கொட்டை அரைக்கிறதும் சேர்ந்தே வருது, அது ரிப்பேரானா மொத்தமும் போச்சு..."

"ரெண்டாவதை வாங்குங்க."

"நுரை வராதே, டீச்சர்."

"அப்ப முதல்ல சொன்னது."

"அரை மணி நேரம்..."

"மூணாவது."

"அரைக்கிறது ரிப்பேராயிட்டா?"

டீச்சர் ஈரச்சேலையை உதறிய உதறலில் சிகாமணியின் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

இதுவரைக்கும் சௌந்தரபாண்டியன் அப்படியே நம்பினார். ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிக்கவும் செய்தார். அவரும் ஒன்றரை வருஷமாக இதே பேச்சைக் கேட்டு நொந்தவர்தான். கல்யாணப் பந்தியில், கோயில் வரிசையில், ஒரு சாவு வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதுகூட சிகாமணி அவர் காதருகே குனிந்து அழுத்தம், வெப்பம், குழாய் என்றிருக்கிறார்.

"ஏதோ ஒண்ணை வாங்கித் தொலைங்க, மாப்ளே," என்று அன்றைக்கே சொன்னார். அதற்கு சிகாமணி, "தொலைக்கிறதுக்கா மச்சான் வாங்குறது?" என்றார்.

மலை மேல், டீச்சர் சேலையைக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"காபி யாருக்கு?"

"கனகவல்லிக்கு."

"உங்க வீட்டுக்காரம்மா கேட்டாங்களா, மெஷின் வேணும்னு?"

"அவ கேக்கல, டீச்சர்."

கனகவல்லிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அவள் மூக்குக்கு மணம் தெரிவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகை தெரியவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தது தெரியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

காபிக்கொட்டை வறுக்கிற கடைப்பக்கம் பஸ் நின்றால், ஆளை நகரச் சொல்லி ஜன்னலோரம் உட்காருகிறவள் அவள்.

"நம்ம ஃபில்டர்ல டிகாஷன் சொட்டுச் சொட்டா இறங்குது, டீச்சர். மெஷின்ல அப்படி இல்ல. அழுத்திப் பிழிஞ்சு எடுக்குது. அவ்வளவு திடமா இருந்தா, ஒருவேளை அவளுக்கு..."

"அப்புறம் ஏன் இவ்வளவு நாளா வாங்கல?"

"அதான் சொன்னேனே, முதல் மெஷின் சூடேற..."

"அதைக் கேக்கல."

சிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"இருக்கிறதுலயே நல்லதா வாங்கிப் போட்டுக் கொடுத்து, அப்பவும் அவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னா, அப்புறம் நான் என்னத்தைத் தேடுறது?"

டீச்சர் அடுத்த துணியை எடுத்தார். பிழிந்தார்.

"இப்ப ஃபில்டர் காபி போட்டுக் கொடுக்கிறீங்கல்ல. குடிச்சுட்டு என்ன சொல்றாங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவா."

"தினமுமா?"

"தினமும்."

டீச்சர் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார். டம்ளரில் காபியோடு வந்தார். சிகாமணி கையை நீட்டினார்.

"இருங்க."

கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை எடுத்தார். அதை சிகாமணியின் மூக்கில் மாட்டினார்.

சிகாமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்பக் குடிங்க."

குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"கசக்குது. சுடுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், டீச்சர்."

"முழுசும் குடிங்க."

முழுசும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்ப என் முகத்தைப் பார்த்து, நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

சிகாமணியால் சொல்ல முடியவில்லை.

டீச்சர் காத்திருந்து பார்த்தார். பிறகு வாளிப் பக்கம் திரும்பினார்.

"கிளிப்பை நீங்களே வச்சுக்கங்க. என்கிட்ட நிறைய இருக்கு. இனிமே மெஷின் பத்தி என்கிட்ட வாயைத் திறந்தீங்க, வாய்க்கும் ஒண்ணு மாட்டுவேன்."

இந்த இடத்தில் சௌந்தரபாண்டியன் வண்டியை ஓரம் கட்டினார்.

"அம்பது வயசைத் தாண்டின மனுஷன் மூக்குல ஒரு பொம்பளை கிளிப் மாட்டுச்சு. நீங்க சும்மா நின்னீங்க?"

"நின்னேன், மச்சான். இங்க பாருங்க, தடம்."

பார்த்தார். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக ஏதோ இருந்தது. கண்ணாடி அழுத்திய தடம் என்று அப்போதே முடிவு செய்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு நீலக் கிளிப்பையும் சிகாமணி எடுத்துக் காட்டினார். கிளிப் எந்த வீட்டில்தான் இல்லை?

அதற்குப் பிறகு நடந்ததாக இன்னொரு நாள் சொன்னதை அவர் சுத்தமாகவே நம்பவில்லை.

அடுத்த வாரம் சிகாமணி தனியாக மதுரைக்குப் போனாராம். பெரிய கடை. வரிசையாக மெஷின்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு காபி போடச் சொன்னாராம். போட்டு வைத்ததும் பையிலிருந்து கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாராம்.

"சார், வாசனை பார்க்க வேணாமா? எங்க மெஷினோட ஸ்பெஷலே அதுதான்," என்றாளாம் விற்கிற பெண்.

"வேணாம்மா."

"பின்ன எதை வச்சு சார் எடுப்பீங்க?"

அவர் ஒன்றை வாயில் வைத்துப் பார்த்தாராம். அடுத்ததை வைத்துப் பார்த்தாராம். இதில் சூடு நாக்கோடு நின்றுவிடுகிறது, இதில் தொண்டைவரை போகிறது. இதில் நுரை வாயில் வைத்ததும் காணாமல் போகிறது, இதில் மேலுதட்டில் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பெண் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்த் திரும்புவதற்குள், "இதைக் கட்டிக் கொடும்மா" என்றாராம்.

ஒன்றரை வருஷம் பேசிய மெஷின்களில் அது ஒன்றுகூட இல்லை.

தள்ளுபடியில் கிடைத்ததைத் தூக்கி வந்துவிட்டு, வெட்கத்தை மறைக்கக் கதை கட்டுகிறார் என்று சௌந்தரபாண்டியன் நினைத்தார். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார். எப்படியோ, மெஷின் பேச்சு நின்றது. அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் சில நாள் தூக்கம் வராதபோது வேறொன்று வந்து முன்னால் நிற்கும். காய்ச்சலுக்குப் பிறகு அவரும் எத்தனையோ தடவை தங்கை வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "நல்லா இருக்குண்ணே" என்றிருக்கிறாள். தங்கச்சிக்குச் சரியாகிவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னவரும் அவர்தான். சிகாமணி கதையை நம்பினால் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். நம்பாமல் இருப்பது அதனால்தானோ என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் எரிச்சல் வரும், கதையின் மேல், டீச்சர் மேல், அந்த மெஷின் மேல்.

இப்படியே வருஷங்கள் போயின.

பேரனுக்குக் காதுகுத்து வந்தது. அழைக்கப் போனது ஒரு திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் தங்கையை அழைத்துவிட வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பிப் போனார். அந்த நேரத்தில் அவர் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை.

கனகவல்லிதான் கதவைத் திறந்தாள். கையில் டம்ளர்.

"வாங்கண்ணே. என்னங்க, அண்ணன் வந்திருக்காரு. இன்னொண்ணு போடுங்க."

சமையலறையில் மெஷின் சீறும் சத்தம். அதற்கு மேலே சிகாமணியின் குரல், மூக்கடைத்துக்கொண்ட குரல்:

"சக்கரை எவ்வளவு?"

"என்னம்மா, மாப்ளைக்கு ஜலதோஷமா?"

"காலையில எப்பவும் அவருக்கு இப்படித்தான்ணே. காபி போட்டு முடிச்சதும் சரியாப் போயிடும்."

சொல்லும்போது அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்தாள். மேலுதட்டில் ஒட்டிய நுரையை நாக்கால் எடுத்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"என்னங்க," என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். "நேத்து நுரை நல்லாக் கனமா நின்னுச்சு. இன்னைக்கு என்ன இப்படி மெலிசா இருக்கு? சூடும் பத்தல."

சௌந்தரபாண்டியன் தங்கையைப் பார்த்தார். காதுகுத்துப் பத்திரிகையை மேஜை மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

சிகாமணி திரும்பி நின்று பாலை நுரைத்துக்கொண்டிருந்தார். ஆவி படுமென்று கண்ணாடியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். பக்கத்தில், ஒரு வாய் மட்டும் குடித்துப் பார்த்த டம்ளர் ஒன்று. காலடிச் சத்தம் கேட்டதும் கை சட்டென்று மூக்குக்குப் போய், மூடிய விரல்களோடு கீழே இறங்கியது.

"அடடே, மச்சான்! நீங்க அங்கேயே உக்காந்திருக்கலாமே. இதோ ஆச்சு."

குரல் இப்போது சரியாக இருந்தது.

மூக்கில் இரண்டு பக்கமும் சிவப்புத் தடம். நுனிக்குப் பக்கத்தில், எந்தக் கண்ணாடியும் உட்காராத இடத்தில். விரல்களுக்கு நடுவே, சாயம் போன நீலத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்பதற்கென்று சௌந்தரபாண்டியன் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கூடத்தில் இருக்கிற தங்கை காதில் விழாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தினமுமா, மாப்ளே?"