உடையாள் உயிர் கொடுத்த மூன்று வயல்கள்

நாட்டுக்கு நாடு ஒரு குறுநில மன்னன் ஆண்ட காலம் அது. ஆலங்குறிச்சியில் காளத்தியப்பன் என்றொரு நிலக்கிழான் இருந்தான். மரியாதை கொடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் அவனுடையது. அதில் பாதி செத்த நிலம். ஏன் செத்தது? விளைந்ததை எல்லாம் எடுத்தான். வைக்கோலையும் தாளையும்கூட விடாமல் எடுத்தான். ஒரு கூடை எரு போட்டதில்லை.

பிழைக்க வந்த உடையாளும் அவள் கணவன் மருதனும் அவனிடம் நிலம் கேட்டார்கள். உப்பு வெள்ளை பூத்த ஒரு களர் நிலத்தைக் காட்டினான்.

"விளைய வைத்தால் ஆயுசுக்கும் நீங்களே உழலாம்" என்றான்.

இருவரும் வடிகால் வெட்டினார்கள். தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மண்ணோடு மடக்கி உழுதார்கள். மறுபடி விதைத்தார்கள், மறுபடி மடக்கினார்கள். மண் கறுத்தது, நெல் விளைந்தது. உடனே காளத்தியப்பன் வயலைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சரளைமேட்டைக் கொடுத்தான்.

சரளைமேட்டில் எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டார்கள். கம்பு ஆளுயரம் வளர்ந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டு, பாறையாக இறுகிய ஒரு மொட்டைக்காட்டைக் கொடுத்தான்.

"வேறு ஊர் போகலாம், உடையா" என்றான் மருதன்.

"போனால் அவன் செய்தது சரி என்றாகிவிடும்" என்றாள்.

தழை சுமந்தார்கள். சாணம் சுமந்தார்கள். புண்ணாக்கு இடித்துத் தூவினார்கள். மண்ணில் புழு நெளிந்தது. துவரை காய்த்துத் தொங்கியது. காளத்தியப்பன் மூன்றாம் முறையும் வந்தான்.

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா உங்களால்? உடையாளால் முடியவில்லை. ஊர்ச்சபைக்குப் போனாள்.

"என் பாட்டன் மண்" என்றான் காளத்தியப்பன்.

"பாட்டன் மண்ணைக் கொன்றது யார்? பிழைக்க வைத்தது யார்?" என்றாள் உடையாள்.

அவன் வீட்டில் தின்ற சபையாரின் வாய்கள் அவனுக்கு எதிராக எப்படித் திறக்கும்? நிலம் அவனுக்கே என்றார்கள்.

அப்போது ஆட்டுக்கார இருளப்பன் எழுந்தான். "இவர் நிலத்தில் இனி என் ஆடு படுக்காது." செக்கு ஆட்டுபவன் எழுந்தான். "என் புண்ணாக்கு வராது." தழை அறுக்கும் பெண்கள் எழுந்தார்கள். "எங்கள் தழை வராது."

காளத்தியப்பன் சிரித்தான். முதல் விளைச்சலில் களஞ்சியம் நிறைந்தது. அடுத்ததில் பாதி. அதற்கடுத்து, களர் வெள்ளை பூத்தது. மேட்டில் சரளை தெரிந்தது. காடு பாளம் பாளமாக வெடித்தது.

ஆட்டுக்காரர்கள் கொடுத்த மூலை நிலத்தில் உடையாள் வரகு அறுத்துக்கொண்டிருந்தாள். காளத்தியப்பன் அங்கே வந்து நின்றான்.

"பழையபடி வந்து உழு."

"உழுகிறோம். நாங்கள் மண்ணுக்கு எரு போட்டுவரும் காலம்வரை எங்களை யாரும் நிலத்தைவிட்டு எழுப்பக் கூடாது என்று, மூன்று வயலுக்கும் சபை சாட்சியாகக் கல்லில் வெட்டி நட்டு வையுங்கள்."

"என் நிலத்துக்கு நீ விதி சொல்வதா?"

"அப்படியானால் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருங்கள்" என்று அவள் மறுபடி வரகு அறுக்க அரிவாளை எடுத்தாள்.

இன்னொரு விதைப்பு வீணான பிறகு கல் நட்டான். "ஆகா, என்ன பெரிய மனசு!" என்று அதே சபையார் அவனைப் புகழ்ந்தார்கள்.

உடையாள் திரும்பி நின்றாள். "அவர் கொடுக்கவில்லை ஐயா. எங்களுடையதை எங்களிடம் விட்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினாள்.

செத்த மண்ணுக்கு உணவிட்டு உயிர் கொடுத்தவரை அந்த மண்ணைவிட்டு விரட்டுவது, சட்டம் என்ன சொன்னாலும், திருட்டுதான்.